ஆள்வோரின் நோயும் நம் நாவும்

2016 டிசம்பர் 5, திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரத் திங்கட்கிழமை. கோவிலம்பாக்கத்தில் மாலைத் திருப்பலிக்கு நாம் ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையிலேயே ஊர் அடங்கத் தொடங்கிவிட்டது. துரைப்பாக்கம் - பல்லாவரம் சாலையில் கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கும் ஓசை கேட்டது. பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொண்டு பெற்றோர் வீட்டுக்கு விரைந்தனர். வழக்கமாக வருவோரில் பாதிப்பேரே ஆலயத்தில் இருந்தனர். திருப்பலி தொடங்குமுன் ஒருவர் துண்டுத்தாள் ஒன்றை நம் கையில் வைத்தார். முதலமைச்சர் ஜெயலலிதா காலமானார் என்று தொலைக்காட்சியில் சொல்லிவிட்டதாக அதில் எழுதியிருந்தது. அதற்கு மேல் நாம் எதுவும் கேட்கவில்லை. இறைமக்கள் மன்றாட்டின்போது அவர் பெயரைச் சொல்லி, அவருடைய ஆன்மா இறைவனில் இளைப்பாற மன்றாடினோம். மக்களும் மறுமொழி கூறினர்.

திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது முற்றத்தில் நின்றவர்கள் கைப்பேசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தனர். செய்தி தவறு, சிகிச்சை தொடர்கிறது என்று மருத்துவமனை மறுத்திருந்தது. கட்சித் தலைமை அலுவலகத்தில் தாழ்த்தப்பட்ட கொடி மீண்டும் ஏற்றப்பட்டதாம். "சாமி, உசுரோடத்தான் இருக்காங்களாம்" என்றார் ஒரு பெரியவர். குற்றம் சாட்டும் குரல் அன்று அது. நமக்காக அவரே கூச்சப்பட்டார்.

அன்றைய நற்செய்தி லூக்கா ஐந்தாம் அதிகாரம். முடக்குவாதமுற்றவரைக் கட்டிலோடு சுமந்துவந்தவர்கள், கூட்டத்தின் நெருக்கடியால் உள்ளே நுழைய இயலாமல் கூரையைப் பிரித்து அவரை ஆண்டவர் முன் இறக்கிய பகுதி. நோயாளியைச் சுமப்பவரின் நம்பிக்கையைப் பற்றி மறையுரை ஆற்றிவிட்டு, கால்மணி நேரத்துக்குள் உயிரோடிருந்த ஒரு நோயாளியைப் பீடத்தில் நின்று இறந்தோர் வரிசையில் சேர்த்துவிட்டோம். அன்றிரவு 11.30 மணிக்கு அவர் இறந்ததாக மருத்துவமனை அறிவித்தது. "சில மணி நேரம்தானே சாமி வித்தியாசம்" என்று சிலர் ஆறுதல் கூறினார்கள். அந்த ஆறுதல் நம் மனத்தில் ஒட்டவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஒட்டவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

தலைவர்களின் உடல்நலத்தைப் பற்றிப் பேசுவது நமக்குப் புதிதன்று. நம் ஊர் பரங்கிமலை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. அந்தப் பரங்கிமலைத் தொகுதியில் 1967-இல் எம்.ஜி.ஆர். வேட்பாளராக நின்றார். தேர்தலுக்குச் சில வாரங்கள் முன், ஜனவரி 12 அன்று, இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத இராமாவரம் வீட்டில் அவர் சுடப்பட்டார். கழுத்தில் கட்டுடன் மருத்துவமனைக் கட்டிலில் அவர் அமர்ந்திருந்த படம் சுவரெங்கும் ஒட்டப்பட்டது. அவர் வாக்குக் கேட்டு வரவில்லை, வென்றார். நாம் பிறக்குமுன் நடந்தது இது. ஆயினும் முதியோர் அந்தச் சுவரொட்டியை நேற்றுப் பார்த்ததைப்போல் விவரிப்பார்கள்.

1984 நமக்கே நினைவிருக்கிறது. அக்டோபரில் முதல்வர் எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்; நவம்பரில் நியூயார்க் நகரின் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கிருந்தபடியே ஆண்டிப்பட்டித் தொகுதியில் வேட்பாளரானார். சிறுநீரக மாற்று அறுவை நடந்த சில நாள்களில், டிசம்பர் 24 அன்று, தமிழகம் வாக்களித்தது. அவர் உயிரோடிருக்கிறாரா என்பதே ஒரு தரப்பின் பிரசாரமாயிற்று. அவர் உணவு உண்பதையும் செய்தித்தாள் பார்ப்பதையும் காட்டும் ஒளிப்படச் சுருள் மறுதரப்பின் விடையாயிற்று. பள்ளிச் சிறுவனாகத் திடலில் மண்ணில் அமர்ந்து அந்தப் படத்தை நாமும் பார்த்தோம். அருகிலிருந்த பெண்கள் அழுதார்கள். "இவரால் ஆள முடியுமா?" என்று அந்தத் திடலில் ஒருவரும் கேட்கவில்லை. உயிரோடிருக்கிறார் என்பதே போதுமானதாக இருந்தது. அவருடைய கட்சி 132 இடங்களைப் பெற்றது. 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து பதவியேற்றவர், பேச்சு முழுமையாகத் திரும்பாமலே, 1987 டிசம்பர் 24 வரை முதல்வராயிருந்தார்.

இவற்றைக் கட்சி அரசியலாக அணுகுவது நம் நோக்கமன்று. நன்னெறி இறையியலின் பழைய வினா ஒன்று இங்கே நம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்திருக்கிறது. பிறருடைய நோயை அறிய நமக்கு உரிமை உண்டா? உண்டெனில், எதுவரை?

குருமடத்தில் எட்டாம் கட்டளையைப் பயின்றபோது மூன்று குற்றங்களைப் பிரித்தறியக் கற்றோம். போதிய காரணமின்றிப் பிறர்மீது குறை இருப்பதாக உள்ளத்தில் முடிவுகட்டுவது ஒன்று. உண்மையான குறையையே தக்க காரணமின்றி வெளிப்படுத்துவது மற்றொன்று. இல்லாத குறையை இருப்பதாகச் சொல்வது மூன்றாவது. நோயோ இம்மூன்றிலும் நேராகப் பொருந்துவதில்லை. ஏனெனில் நோய் குறையன்று, குற்றமுமன்று. ஆனால் அப்படித்தான் நாம் அதை நடத்துகிறோம். பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டதும் சீடர்கள் ஆண்டவரிடம் முதலில் கேட்டது, பாவம் செய்தவர் இவரா இவருடைய பெற்றோரா என்பதுதான். வழியோரம் அமர்ந்திருந்த மனிதரின் காது கேட்கும்படியே கேட்டார்கள். பெண்ணுக்குக் காசநோய் வந்தால் வரன் அமையாது என்று மறைக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். பெயரைச் சொல்லவே அஞ்சி, புற்றுநோயை "அந்த நோய்" என்று குறிப்பிடும் வீடுகளில் நோயில்பூசுதல் அளித்திருக்கிறோம். நோயை அவமானமாகக் கருதும் மக்களுக்கு, நோயை மறைக்கும் தலைவர்களே வாய்க்கிறார்கள். இதில் வியப்பொன்றுமில்லை.

திருச்சபைச் சட்டத்தின் 220-ஆம் எண், ஒருவருடைய நற்பெயரையும் அந்தரங்கத்தையும் காக்கும் உரிமையை உறுதிசெய்கிறது. மறைக்கல்வி நூலும், பொதுவாழ்வில் இருப்போரின் தனிவாழ்வில் ஊடகங்கள் அத்துமீறுவதைக் கண்டிக்கிறது. மறுபுறம், பொதுப்பதவி ஒருவரின் சொத்தன்று, அது பணி. அந்தப் பணியை ஆற்ற இயலுமா என்று கேட்பது வம்பாகாது. புனித தோமா அக்குவினா இங்கே நுட்பமான கோடொன்றைக் கிழிக்கிறார். ஐயத்துக்குரிய செயலை நல்லதாகவே பொருள்கொள்ள வேண்டும் என்பார் அவர். தீயவரை நல்லவரென எண்ணிப் பலமுறை ஏமாந்தாலும் பரவாயில்லை, நல்லவரைத் தீயவரென எண்ணிவிடக் கூடாது என்பது அவர் கருத்து. ஆனால் தீமை ஒன்றுக்கு மருந்து தேட வேண்டிய நிலையில், கெட்டதே நேர்ந்திருக்கலாம் என வைத்துக்கொண்டு ஆயத்தம் செய்வது தகும் என்றும் அவரே கூறுகிறார். ஆளைப் பற்றி நல்லெண்ணம், காரியத்தைப் பற்றி முன்னெச்சரிக்கை. நம் தெருப்பேச்சில் இந்த இரண்டும் தலைகீழாகிவிடுகின்றன. ஆளைப் பற்றி எதையும் சொல்கிறோம். காரியத்தைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.

2016-இல் நடந்தது இதற்குச் சான்று. செப்டம்பர் 22 இரவு ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது காய்ச்சலும் நீர்ச்சத்துக் குறைவும் என்றே அறிவித்தார்கள். அதன்பின் எழுபத்தைந்து நாள். ஒரு படம் வெளிவரவில்லை, ஒரு சொல் அவர் குரலில் கேட்கவில்லை. வதந்தி பரப்பியதாகச் சிலர் கைதுசெய்யப்பட்டனர். அக்டோபர் 11 அன்று அவருடைய துறைகள் ஓ. பன்னீர்செல்வத்திடம் ஒப்படைக்கப்பட்டன, முதலமைச்சரின் ஆலோசனைப்படியே இந்த ஏற்பாடு என்றது ஆளுநர் மாளிகையின் அறிக்கை. அந்த ஆலோசனை வாய்மொழியா, எழுத்தா, யார் முன்னிலையில் என்று நம் பங்கில் ஒருவரும் வினவியதாக நினைவில்லை. கால் எடுத்துவிட்டார்களாமே, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறார்களாமே என்று ஆலய முற்றத்தில் பேசியவர்கள் உண்டு. நாமும் நின்று கேட்டோம்.

அம்மாத இறுதியில் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், திருப்பரங்குன்றம் தேர்தல்களுக்கான கட்சிப் படிவங்களில் கையொப்பத்துக்கு மாறாக இடக்கைப் பெருவிரல் ரேகை இருந்தது. மூச்சுக்குழாயில் துளையிட்டுச் சிகிச்சை நடந்ததையும் வலக்கை வீங்கியிருந்ததையும் மருத்துவர் ஒருவர் சான்றளித்திருந்தார். வேட்பாளரை நிறுத்தும் தாளில்தான் தலைவரின் உண்மையான உடல்நிலை முதன்முறையாக எட்டிப்பார்த்தது! 2019 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பரங்குன்றம் தேர்தல் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. அதற்குள் ரேகை வைத்தவரும் இல்லை, வென்றவரும் இறந்துவிட்டார்.

இந்த ரேகையைப் பற்றிப் படித்தபோதெல்லாம் நமக்குத் தொடக்கநூலின் ஈசாக்கு நினைவுக்கு வந்தார். முதுமையில் பார்வை மங்கிய தந்தை. கட்டிலருகே நிற்பவன் எந்த மகன் என்று அவருக்கு ஐயம். குரல் யாக்கோபுடையதாகத் தெரிகிறது. கையைத் தடவிப் பார்க்கிறார். கை ஏசாவினுடையதைப்போல் உரோமம் அடர்ந்திருக்கிறது. குரலை விட்டுக் கையை நம்புகிறார், ஆசி கைமாறுகிறது. திட்டமிட்டவர் அந்நியர் அல்லர், இல்லத்தரசி ரெபேக்காவே. சென்னையில் மோசடி நடந்ததென்று நாம் சொல்லவில்லை. சொல்ல நமக்கு ஆதாரமுமில்லை. குரல் அடைபட்டுக் கை மட்டும் வெளியே வரும் இடத்தில், உடனிருப்போர் எவ்வளவு நேர்மையாளராயினும், அவர்களுடைய நேர்மையை எவரும் நம்பமுடியாத நிலை பிறந்துவிடுகிறது என்பதே நாம் காண்பது. விசாரணை ஆணையம் 2017-இல் அமைந்து, 2022-இல் அறிக்கை தந்த பின்னும் நம் மக்களின் ஐயம் ஓயவில்லையே!

2017 செப்டம்பரில் அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன் மதுரையில் மேடையேறி, முதல்வர் இட்லி சாப்பிட்டார் என்று தாங்கள் சொன்னது பொய், மன்னித்துவிடுங்கள் என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள், நாடே சிரித்தது. நமக்கு அது பாவசங்கீர்த்தனத்துக்கு அருகில் வரும் பேச்சாகத் தோன்றியது. ஏன் இட்லி என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. காய்ச்சல் விட்டதும் கஞ்சி, கஞ்சி தங்கினால் இட்லி என்பது நம் வீடுகளின் கணக்கு. பிள்ளை இட்லி கேட்டால் தாய்க்கு உயிர் வரும். பொய் தன்னை நம்பவைக்க ஒவ்வொரு வீட்டின் அடுக்களைக்கும் வந்து அந்தத் தாய்மையைக் கடன் வாங்கிக்கொண்டது. அதனால்தான் அந்தப் பொய் மற்றப் பொய்களைவிடக் கொடியது என்கிறோம்.

நல்ல நோக்கத்தோடு சொன்னார்கள் என்பாருண்டு. குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யையும் ஏற்கலாம் என்ற கருத்துக்கு வள்ளுவரையும் துணைக்கழைப்பர். புனித அகுஸ்தினார் பொய்யை மறுத்து எழுதிய நூலில் ஒரு நோயாளியையே எடுத்துக்கொள்கிறார். மகன் இறந்ததறியாத தந்தை. உண்மை சொன்னால் அதிர்ச்சியில் இறந்துவிடுவார். என்ன சொல்வீர்கள்? இந்த வினா தம்மையே உலுக்குவதை அவர் மறைக்கவில்லை. ஆயினும் பொய்யை அனுமதிக்கவில்லை. அகுஸ்தினாரோடு உடன்பட இயலாத தருணங்கள் நம் பணியில் வந்ததுண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இங்கே கதை வேறு. நோயாளியைக் காக்க நோயாளியிடம் சொன்ன பொய்யன்று இது. நோயாளியைக் காட்டி மக்களிடம் சொன்ன பொய். தவிர, மௌனம் என்றொரு வழி எப்போதும் திறந்திருந்தது. அறிய உரிமையில்லாதவருக்கு எதையும் வெளிப்படுத்தக் கடமையில்லை என்று மறைக்கல்வி நூலே கூறுகிறது. "உடல்நிலை கவலைக்கிடம், மேலும் கூற இயலாது" என்று ஒரு வரி போதும். பொய் தேவைப்பட்டதென்றால், காக்கப்பட்டது நோயாளி மட்டுந்தானா என்ற வினா எழாமல் இருக்குமா?

இது நம் நாட்டின் தனி நோயுமன்று. அமெரிக்காவின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவரென நாம் பெருமைகொண்ட கென்னடி, 1960 தேர்தலில் தமக்கிருந்த அடிசன் நோயை மறைத்தே வென்றார். பிரான்சின் மித்தரான் 1981-இல் பதவியேற்ற ஆண்டே புற்றுநோய் கண்டறியப்பட்டும், குறித்த காலந்தோறும் உடல்நல அறிக்கைகளை வெளியிட்டு, அந்த அறிக்கைகளுக்குள்ளேயே உண்மையை ஒளித்துவைத்தார். அறிக்கை வருவதும் உண்மை வருவதும் ஒன்றல்ல.

இனி நம் பக்கத்துக் குற்றம். 2016 தேர்தல் மேடைகளில் விஜயகாந்தின் பேச்சு தெளிவிழந்திருந்தது. மது என்றார்கள். அவர் பேசியதைத் துண்டு துண்டாக வெட்டிக் கைப்பேசிதோறும் அனுப்பினார்கள். நம் இளைஞர் மன்றத்திலும் அதைப் போலச் செய்து காட்டிச் சிரித்தார்கள், நாம் அதட்டவில்லை. உளுந்தூர்ப்பேட்டையில் அவர் தோற்றார். நோய் அவரை எவ்வளவு ஆழமாகப் பிடித்திருந்தது என்பது பின்னரே நாட்டுக்குத் தெரிந்தது. 2023 டிசம்பர் 28 அன்று அவர் இறந்தபோது அதே கைப்பேசிகளில் கண்ணீர் ததும்பும் படங்கள் வந்தன. அதே ஆண்டில் திருவாரூரில் நின்ற கருணாநிதியோ தொண்ணூற்றிரண்டாம் வயதில், சக்கர நாற்காலியில் வந்து வாக்குக் கேட்டார். ஒளிப்பதற்கு எதுவுமில்லை, மக்கள் கண்ணால் கண்டு, அறுபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் தேர்ந்தெடுத்தனர். அது அவர்கள் உரிமை. ஆனால் அவ்வாண்டு இறுதியில் பேச்சை இழந்த அவர், 2018 ஆகஸ்ட் 7-இல் இறக்கும்வரை அத்தொகுதியின் உறுப்பினராகவே இருந்தார். திருவாரூர் மக்களுக்காகச் சட்டமன்றத்தில் யார் பேசினார்கள்? முதியவரைப் புண்படுத்தாமலே கேட்டிருக்கக்கூடிய வினா அது. கேட்டோமில்லை.

2024-இல் ஒடிசாவில் கேட்டார்கள்; கேட்ட விதந்தான் வேறு. நவீன் பட்நாயக்கின் நடுங்கும் கையை உதவியாளர் பற்றி மறைக்கும் காட்சி பரப்பப்பட்டது. அவருடைய உடல்நலக் குறைவின் காரணத்தை ஆராயக் குழு அமைப்போம் என்று மே 29 அன்று பரிபடா கூட்டத்தில் பிரதமரே வாக்குறுதி அளித்தார். அக்கறை இருந்தால் தொலைபேசியில் கேட்டிருக்கலாமே என்றார் நவீன். அந்த விடையில் உள்ள காயத்தை எந்தக் கட்சியினரும் உணரலாம். எனினும் அந்தக் கையைப் பற்றியவர் ஆட்சியையும் பற்றியிருக்கிறாரோ என்று ஒடிசா மக்கள் ஐயுற்றிருந்தால், அந்த ஐயத்துக்கு இடமே இல்லையென்று நம்மால் கூற இயலாது. கை நடுங்குவது பட்நாயக்கின் சொந்த விஷயம். அந்தக் கையால் ஒப்பமிடுவது எவருடைய மனம் என்பது நாட்டின் விஷயம்.

நாம் தேடி வந்த கோடு ஏறத்தாழ இதுதான். என்ன நோய், எத்தனை நாள், எந்த உறுப்பு என்பவை நோயாளிக்கும் மருத்துவருக்கும் உரியவை. தீர்மானிப்பவர் யார், அவரால் இயலாதபோது எவர், அதை எவர் அறிவிப்பார் என்பவை நமக்குரியவை. முதலமைச்சர் செயலிழந்தால் அதைத் தீர்மானிப்பவர் யாரென நம் அரசமைப்புச் சட்டம் தனியாக வரையறுக்கவில்லை. அமெரிக்கர் 1967-இல் தங்கள் சட்டத்தில் அதற்கு வழிசெய்தார்கள். தாவீது அரசர் படுக்கையில் குளிர்நடுங்கிக் கிடந்தபோது அதோனியா முந்திக்கொண்டு விருந்து வைத்தான். அப்போது பத்சேபாவும் இறைவாக்கினர் நாத்தானும் அரண்மனைக்கு வெளியே நின்று கிசுகிசுக்கவில்லை. கட்டிலருகே சென்று அரசரிடமே கேட்டார்கள். அரசரும் தம் வாயால் விடையளித்தார். அவர்களுக்கும் உள்நோக்கம் உண்டு என்பது வேறு. ஆனால் வினா உரிய இடத்தில், உரியவரிடம் வைக்கப்பட்டது.

நம் திருச்சபையும் இதில் எப்போதும் தூயதாய் இருந்ததில்லை; திருத்தந்தையரின் நோயைச் சளி என்றும் களைப்பு என்றும் சொல்லிவந்த வழக்கம் நெடுங்காலத்தது. இரண்டாம் யோவான் பவுல் தம் நடுக்கத்தை உலகத்தின் கண்முன்னே சுமந்து 2005-இல் இறந்தார். பதினாறாம் பெனடிக்ட் 2013 பிப்ரவரி 11 அன்று, உலக நோயாளர் நாளிலேயே, பணிக்கேற்ற வலிமை தமக்கில்லை என்று அறிவித்து விலகினார். இருவரில் எவர் செய்தது சரி என்று மக்கள் நம்மைக் கேட்டதுண்டு. இரண்டும் சரியென்றே விடையளித்தோம், சிலர் நிறைவடையவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் நோயால் தாம் செயலிழந்தால் எனக் கருதி 2013-லேயே பதவிவிலகல் கடிதத்தில் ஒப்பமிட்டுக் கொடுத்திருந்ததை 2022-இல் வெளிப்படுத்தினார். 2025-இல் ஜெமெல்லி மருத்துவமனையில் முப்பத்தெட்டு நாள் இருந்தபோது, இரு நுரையீரலிலும் அழற்சி என்பதுவரை வத்திக்கான் சொன்னது. மார்ச் 6 அன்று மூச்சிரைக்கும் அவர் குரலைப் பேதுரு பெருங்கோவில் முற்றம் கேட்டது. அவ்வளவு சொல்லியும், அவர் இறந்துவிட்டார் என்ற வதந்தி நம் அன்பியக் குழுக்களின் கைப்பேசிகளுக்கும் வந்து சேர்ந்தது. இம்முறை நாம் எவருக்காகவும் முந்திக்கொண்டு மன்றாடவில்லை.

2016 டிசம்பர் 6 காலைத் திருப்பலிக்கு வந்தவர்கள் எண்ணி ஏழு பேர். கடைகள் இல்லை, பேருந்துகள் இல்லை. முந்தைய நாள் மாலை நேர்ந்த தவற்றைச் சொல்லி மக்களிடம் மன்னிப்புக் கேட்டோம். பிறகு அவருடைய ஆன்மாவுக்காக மீண்டும் மன்றாடினோம். முடிந்ததும் பூ விற்கும் மூதாட்டி ஒருவர் காத்திருந்தார். படுக்கையில் கிடந்த கணவரைப் பல ஆண்டு பார்த்துக்கொண்டவர். கடைசி இரவு அவர் கையை விடாமல் பற்றியிருந்ததை நாம் அறிவோம்.

"சாகும்போது அந்த அம்மா கையப் புடிச்சிக்கினு யாராச்சும் இருந்தாங்களா சாமி?" என்று கேட்டார்.

எழுபத்தைந்து நாளில் நம் காதில் விழுந்த நூறு வினாக்களில் அது ஒன்றாக இருக்கவில்லை. நாமும் கேட்டதில்லை. தெரியவில்லையே அம்மா என்றோம்.